பிள்ளைக்கு ஊசி போட்டாச்சு, அம்மாவை யார் பார்ப்பது?

புதன்கிழமை காலையில் தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். தடுப்பூசிக்கு வந்த கைக்குழந்தைகளும் அவர்களைத் தூக்கி வந்த தாய்மாரும் பாட்டிமாரும் வராந்தா முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். எடை எவ்வளவு ஏறியிருக்கிறது, ஊசி போட்ட இரவு காய்ச்சல் அடித்தால் மருந்து எத்தனை சொட்டு என்று நர்சம்மா கேட்பதும் சொல்வதுமாக வரிசை நகரும். குழந்தையைப் பற்றி ஆயிரம் கேள்வி. தாயிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "பால் பத்துதா?"

பிறந்த 6, 10, 14 ஆவது வாரங்களில் இந்த ஊசிகளைப் போடுகிறார்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு வெளியே தெரியத் தொடங்குவதும் ஏறக்குறைய இதே வாரங்களில்தான். அந்த நோயோடு இருக்கும் பெண் மருத்துவத்துறையின் வாசலுக்கு மூன்று முறை தானாகவே நடந்து வருகிறாள். யாரும் எதுவும் கேட்காததால் மூன்று முறையும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போகிறாள். பிறகு ஒருநாள் நடு இரவில், ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் கைபேசியுமாக, தனக்கு என்ன ஆயிற்று, யாரைப் போய்ப் பார்ப்பது என்று தேடுகிறாள்.

இந்தத் தேடலில் ஒரு கொடுமை இருக்கிறது. நாலு பேரை விசாரித்து, எண்களைக் குறித்து, காசு கணக்குப் போட்டு, ஒருவரைத் தேர்ந்தெடுத்து, நேரம் வாங்கிப் போக வேண்டும். மனச்சோர்வு முதலில் பறித்துக்கொள்வதோ இந்தத் திறனைத்தான். காலையில் எந்தப் புடவையைக் கட்டுவது என்று முடிவெடுக்கவே திணறுகிறவளிடம், உனக்கான மருத்துவரை நீயே கண்டுபிடித்துக்கொள் என்று குடும்பமும் சமூகமும் விட்டுவிடுகின்றன. தேட வேண்டியவர்கள் சுற்றியிருப்பவர்கள். அப்படித் தேடும் கணவனுக்கும் அக்காவுக்கும் தோழிக்கும் பயன்படும் சில விவரங்களைப் பார்க்கலாம்.

பிரசவமான மூன்றாம் நான்காம் நாளில் பல பெண்களுக்குக் காரணமே இல்லாமல் அழுகை வரும். கர்ப்பத்தில் உச்சத்தில் இருந்த ஹார்மோன்கள் குழந்தை பிறந்ததும் சடசடவென்று இறங்குகின்றன. கூடவே வலி, தூக்கமின்மை. பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு இது வருகிறது. மருத்துவர்கள் 'பேபி ப்ளூஸ்' என்பார்கள். இரண்டு வாரத்துக்குள் தானாக வடிந்துவிடும். தூக்கமும் துணையும் கிடைத்தால் போதும், யாரையும் தேட வேண்டியதில்லை.

இரண்டு வாரம் கடந்தும் அழுகை நிற்கவில்லை, அல்லது அழுகைகூட வராத ஒரு மரத்துப்போன நிலை வந்துவிட்டது என்றால்தான் கவனிக்க வேண்டும். எதிலும் பிடிப்பில்லாமை, எரிந்து விழுதல், சாப்பாட்டை மறத்தல், 'நான் நல்ல அம்மா இல்லை' என்று ஓயாமல் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்ளுதல், குழந்தை மீது பாசம் ஊறவில்லையே என்ற குற்றவுணர்வு என்று அது பல முகங்களில் வரும். வீட்டிலிருப்பவர்கள் எளிதாகக் கண்டுகொள்ளக்கூடிய ஓர் அறிகுறி உண்டு. கைக்குழந்தைக்காரி தூங்காமல் இருப்பதில் வியப்பில்லை. குழந்தை அசந்து தூங்கும்போதும், பார்த்துக்கொள்ளப் பக்கத்தில் ஆள் இருக்கும்போதும் அவளுக்குத் தூக்கம் வரவில்லை என்றால் அது வெறும் களைப்பாக இருக்க வாய்ப்பில்லை.

யாரிடமும் சொல்லாமல் பல தாய்மார் மறைத்து வைக்கும் இன்னொன்று, திடீரென்று குறுக்கே பாயும் எண்ணங்கள். மாடிப்படியில் இறங்கும்போது குழந்தை கைநழுவி விழுவதுபோல, நானே போட்டுவிடுவேனோ என்பதுபோல ஒரு காட்சி மனதில் வந்து உடம்பே நடுங்கிவிடும். வெளியே சொன்னால் பைத்தியம் என்று முத்திரை குத்திப் பிள்ளையைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயத்தில் வாயைத் திறக்க மாட்டார்கள். இந்தத் துறையில் பழகிய எந்த மருத்துவரும் இதைப் பலமுறை கேட்டிருப்பார். தன் எண்ணத்தைக் கண்டு தானே அருவருத்து நடுங்குகிற தாய் குழந்தைக்குத் தீங்கு செய்யத் திட்டமிடுபவள் ஆகமாட்டாள் என்பதும் அவருக்குத் தெரியும். அவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டிய முதல் விஷயமே இதுதான்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. ஆயிரம் பிரசவத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ, பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் வருவது. தூக்கம் அறவே போய்விடும். பேச்சில் தொடர்பு அறுந்துவிடும். காதில் குரல்கள் கேட்கும். இந்தக் குழந்தை சாமி என்றோ சாத்தான் என்றோ உறுதியாக நம்பத் தொடங்குவாள். மருத்துவர்கள் இதை 'சைக்கோசிஸ்' என்பார்கள். இது அவசர நிலை. இங்கே நல்ல கவுன்சலர் யார் என்று விசாரித்துக்கொண்டிருக்கக் கூடாது. தாயையும் குழந்தையையும் தனியாக விடாமல், அன்றைக்கே மனநலப் பிரிவுள்ள பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இதெல்லாம் படித்த, நகரத்து, வசதியான பெண்களுக்கு வருகிற வியாதி என்று ஒரு நினைப்பு பரவலாக இருக்கிறது. அதை அடித்து நொறுக்கிய ஆய்வு ஒன்று வேலூர்ப் பக்கத்திலிருந்தே வந்தது. கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் 359 கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்கு முந்தைய மூன்று மாதங்களிலும், பிரசவமான 6 முதல் 12 வாரங்களுக்குள் மறுபடியும் சந்தித்து ஆராய்ந்தார்கள். 2002 ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சைக்கியாட்ரி இதழில் அதன் முடிவுகள் வெளியாயின. பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் 11 விழுக்காடு. மேலைநாட்டுக் கணக்குகளுக்குக் குறையாத அளவு.

எண்ணிக்கையைவிடக் காரணங்களைத்தான் நின்று படிக்க வேண்டும். வறுமை, ஆண் குழந்தையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது, மாமியாரோடு பிணக்கு, பெற்றோரோடு பிணக்கு, கர்ப்பக் காலத்தில் நேர்ந்த துயர நிகழ்வுகள், கைவேலைக்கு உதவ ஆளில்லாதது. மாமியார் இந்தப் பட்டியலில் இருப்பதைப் பார்த்து யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். பெற்றோரும் இருப்பதுதான் யோசிக்க வைக்கிறது. பேறுகாலத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம் நிம்மதிக்கு அது இடம் தரவில்லை. அம்மாவோடு ஒத்துப்போகாத மகளுக்குத் தாய்வீட்டுப் பத்தியச் சாப்பாடும் லேகியமும் ஒருவகைச் சிறைவாசமாகிவிடலாம்.

அதே ஆண்டில் கோவாவிலிருந்து வெளியான இன்னோர் ஆய்வில், பிரசவமான 6 முதல் 8 வாரத்தில் 23 விழுக்காட்டுத் தாய்மாருக்கு மனச்சோர்வு இருந்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆறாவது மாதத்திலும் குணமாகவில்லை. இந்தியா முழுதும் நடந்த 38 ஆய்வுகளை ஒன்றாகக் கோத்து 2017 இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியான தொகுப்பு, சராசரியை 22 விழுக்காடு என்கிறது. ஏறத்தாழ ஐந்து தாய்மாரில் ஒருவர். அந்தப் புதன்கிழமை வராந்தாவில் இருபது பேர் உட்கார்ந்திருந்தால் நான்கு பேர்.

"நாங்கெல்லாம் அஞ்சு பெத்தோம், இப்படி அழுதுகிட்டா கிடந்தோம்?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பதுண்டு. அழுதுகொண்டுதான் கிடந்தார்கள். காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்று கோடாங்கியைக் கூப்பிட்டு, மந்திரித்து, தாயத்துக் கட்டி முடித்துவிட்டார்கள், அதனால் கணக்கில் வரவில்லை. வெளிச்சத்தில் வாழ்பவர்களும் இதற்கு விலக்கு இல்லை. 'வாரணம் ஆயிரம்' படத்தில் நடித்த சமீரா ரெட்டி, 2015 இல் முதல் குழந்தை பிறந்த பிறகு தான் மனச்சோர்வில் சிக்கியதைப் பின்னாளில் வெளிப்படையாகப் பேசினார். கேமராவுக்கு முன்னால் வாழ்ந்து பழகியவருக்கே அதைச் சொல்லக் காலம் எடுத்திருக்கிறது.

சரி, சந்தேகம் வந்துவிட்டது. யாரிடமும் போவதற்கு முன் வீட்டிலேயே செய்யக்கூடிய சிறிய சோதனை ஒன்று உண்டு. ஜான் காக்ஸ், ஜெனிஃபர் ஹோல்டன், ரூத் சாகோவ்ஸ்கி ஆகிய மூவர் 1987 இல் வெளியிட்ட எடின்பரோ அளவுகோல். மொத்தம் பத்துக் கேள்விகள், எல்லாம் கடந்த ஏழு நாட்களைப் பற்றியவை. சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் பயந்தீர்களா, தூக்கம் கெடும் அளவுக்கு வருத்தமா என்பதுபோல. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. ஐந்தே நிமிடத்தில் முடிந்துவிடும். தமிழ் வடிவத்தையும் தமிழ்ப் பெண்களிடம் சோதித்து, பயன்படும் என்று உறுதிசெய்திருக்கிறார்கள். எத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் கவலைப்பட வேண்டும் என்பது மொழிக்கும் ஊருக்கும் ஏற்பச் சற்று மாறும். பொதுவாக 10 ஐத் தாண்டினாலே ஒரு மருத்துவரிடம் காட்டுவது நல்லது. பத்தாவது கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. அதற்கு மட்டும் 'இல்லை' என்பதைத் தவிர வேறெந்தப் பதில் வந்தாலும் மொத்த மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்க்கக் காத்திருக்க வேண்டாம். ஒன்றை மறந்துவிடக் கூடாது: அளவுகோல் சந்தேகத்தைத்தான் எழுப்பும், நோயை முடிவுசெய்வது மருத்துவரின் வேலை.

யாரிடம் போவது என்பதில்தான் பெரிய குழப்பம். பெயர்ப் பலகைகள் அப்படி. மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மனநலத்தில் எம்.டி., டி.என்.பி. அல்லது டி.பி.எம். படித்தவர். மாத்திரை எழுதித் தரும் அதிகாரம் உள்ளவர். நோய் எவ்வளவு தீவிரம் என்று மதிப்பிட்டு முடிவெடுப்பவர். மருத்துவ உளவியலாளர் மாத்திரை தருவதில்லை. பேசிப் பேசியே குணப்படுத்தும் முறைகளில் பயிற்சி பெற்றவர். உளவியலில் முதுகலை முடித்து, மருத்துவ உளவியலில் இரண்டாண்டு எம்.ஃபில். படித்து, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருப்பார்கள். பதிவு எண்ணைக் கேட்பது அவமரியாதை ஆகாது; முறையாகப் படித்தவர்கள் தயங்காமல் தருவார்கள். பெரிய மருத்துவமனைகளில் மனநல சமூகப்பணியாளர்களும் இருக்கிறார்கள். குடும்பத்தை உட்காரவைத்துப் பேச இவர்களைவிடப் பொருத்தமானவர்கள் குறைவு.

'கவுன்சலர்' என்ற பலகைக்குப் பின்னால் யார் வேண்டுமானாலும் இருக்கலாம். நன்றாகப் படித்து, ஆண்டுக்கணக்கில் பழகிய அருமையான ஆலோசகர்கள் உண்டு. ஒரு வாரப் பயிற்சிச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியவர்களும் உண்டு. என்ன படித்தீர்கள், எங்கே, பிரசவமான பெண்களைப் பார்த்த அனுபவம் உண்டா என்ற மூன்று கேள்விகளில் வித்தியாசம் பெரும்பாலும் தெரிந்துவிடும். நேர்த்திக்கடன், ஜாதகம், பூர்வஜென்மம் என்று பேச்சு திரும்பினால் எழுந்து வந்துவிடலாம்.

கையில் காசில்லாதவர்களுக்கு வழி இல்லை என்று நினைக்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது; ஓ.பி. சீட்டு வாங்கினால் போதும், மருந்தும் இலவசம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் தாலுகா மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் வந்துபோகிறார்கள். எந்த நாள் என்பது ஊருக்கு ஊர் மாறும். அங்குள்ள செவிலியரைக் கேட்டால் சொல்வார். வீடு தேடி வரும் கிராம சுகாதார செவிலியரிடம் சொன்னாலும் அவர் வழிகாட்டுவார்.

தொலைபேசி வழியும் இருக்கிறது. 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. கட்டணம் இல்லை, நாள் முழுதும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற மருத்துவ உதவி எண்ணிலும் மனநல ஆலோசனை கிடைக்கும். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறவர்களுக்காகச் சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. இவை முழுச் சிகிச்சைக்கு ஈடாகாது. ஆனால் அந்த நடுராத்திரியில் ஒரு மனிதக் குரல் கிடைக்கும். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் யாரைப் பார்க்கலாம் என்ற தகவலும் கிடைக்கும்.

எல்லாவற்றையும்விட எளிய வழியைப் பலர் யோசிப்பதே இல்லை. பிரசவம் பார்த்த அதே மகப்பேறு மருத்துவர். தையல் ஆறியதா என்று பார்க்கப் போகும்போது, "டாக்டர், மனசு சரியில்லை, ராத்திரி தூக்கமே வரலை" என்று ஒரு வரி சொன்னால் போதும். தைராய்டு, ரத்தசோகை இரண்டையும் அவர் முதலில் சோதிப்பார். பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு தடுமாறுவது அபூர்வமில்லை, அதன் அறிகுறிகள் மனச்சோர்வை அச்சாகப் பிரதி எடுத்ததுபோல இருக்கும். பிறகு தனக்குத் தெரிந்த மனநல மருத்துவருக்கு ஒரு கடிதம் தருவார். முன்பின் தெரியாத எண்ணுக்கு அழைப்பதைவிட இந்தக் கடிதத்துக்கு வலு அதிகம். "எல்லாருக்கும் வர்றதுதான், போகப் போகச் சரியாயிடும்" என்று அவரே தள்ளிவிட்டால் விட்டுவிடாமல் அடுத்த வாசலைத் தட்ட வேண்டும். அதற்கும் கூடவே ஒரு ஆள் வேண்டும்.

அந்த முதல் அழைப்பைக் கணவன் செய்யலாம், தங்கை செய்யலாம். பெரிய விளக்கம் தேவையில்லை. "என் மனைவிக்குக் குழந்தை பிறந்து ரெண்டு மாசம் ஆகுதுங்க. ஒரு மாசமா தூக்கமில்ல, சாப்பாடு இல்ல, அழுதுகிட்டே இருக்காங்க. தாய்ப்பால் கொடுக்கறாங்க. பிரசவத்துக்கப்புறம் வர்ற டிப்ரஷனை நீங்க பார்க்கிறீங்களா?" இவ்வளவு போதும். பார்ப்பதாகச் சொன்னால் அடுத்த கேள்விகள்: குழந்தையைக் கூடவே தூக்கி வரலாமா, நடுவில் பால் கொடுக்க இடமிருக்கிறதா, ஒரு சிட்டிங் எவ்வளவு நேரம், ஃபீஸ் எவ்வளவு, வர முடியாத நாளில் வீடியோவில் பேசலாமா, மாத்திரை தேவைப்பட்டால் யாரிடம் அனுப்புவீர்கள். தனியாரில் கட்டணம் சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரம் வரை போகிறது. எட்டுப் பத்து முறை போக வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாவது முறையே பணம் தீர்ந்து நின்றுவிடும் பெரிய இடத்தைவிட, கடைசிவரை போக முடிகிற சின்ன இடம் மேல்.

வீடியோ சிகிச்சை கைக்குழந்தைக்காரிக்கு வரப்பிரசாதம்தான். ஆனால் இரண்டு அறை வீட்டில், கதவுக்கு அந்தப் பக்கம் மாமியார் காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது எதை மனம்விட்டுப் பேசுவது? மொட்டைமாடிக்கோ பக்கத்துத் தோழி வீட்டுக்கோ போய்ப் பேசுகிறவர்களும் உண்டு. அந்த ஒரு மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்வது கணவனின் பொறுப்பு.

நேரில் போகும்போதும் இதே சங்கடம் வரும். துணைக்கு வந்த உறவுகள் அறைக்குள்ளேயே உட்கார்ந்து, அவளுக்குப் பதிலாகத் தாங்களே எல்லாவற்றையும் சொல்வார்கள். நல்ல சிகிச்சையாளர் அவர்கள் சொல்வதைச் சற்றுக் கேட்டுக்கொண்டு, பிறகு வெளியே காத்திருக்கச் சொல்லிவிடுவார். அப்படிச் சொல்லாதவரிடம் தாயின் வாய் திறக்காது. அங்கே பேசுவதை ரகசியமாகக் காக்கும் கடமையை 2017 ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே விதித்திருக்கிறது.

உள்ளே என்ன நடக்கும்? 'உன் பிரச்சினையைச் சொல்' என்று கேட்டுவிட்டு அறிவுரை சொல்லி அனுப்புவது இல்லை. இந்த நோய்க்கு நன்கு ஆராயப்பட்ட முறைகள் இரண்டு. ஒன்று, 'குழந்தை அழுகிறது, அப்படியென்றால் நான் உதவாக்கரை அம்மா' என்று மனம் போடும் முடிச்சை எழுதிப் பார்த்து, அவிழ்த்து, அன்றாடச் செயல்களைச் சிறிது சிறிதாக மீட்டெடுக்கும் அறிதல் நடத்தைச் சிகிச்சை. மற்றது கணவன், மாமியார், அம்மா என்று உறவுகளில் விழுந்த சிக்கலை எடுத்துப் பேசும் முறை. கணியம்பாடிப் பட்டியலை நினைத்துப் பார்த்தால் இரண்டாவது முறை நம்மூருக்கு எவ்வளவு பொருந்தும் என்பது விளங்கும்.

இதைச் செய்ய எப்போதும் பெரிய பட்டம் பெற்றவர்தான் வேண்டும் என்பதில்லை என்று காட்டிய முயற்சிகளைச் சொல்லியாக வேண்டும். எடின்பரோ அளவுகோலை உருவாக்கிய அதே மூவர், வீடு வீடாகப் போகும் சுகாதாரச் செவிலியருக்குக் காதுகொடுத்துக் கேட்கும் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வுள்ள தாய்மாரிடம் வாரம் ஒருமுறையாக எட்டு வாரம் அனுப்பிப் பார்த்தார்கள். மூன்று மாதம் கழித்து, அப்படிப் பேசக் கிடைத்த 26 பேரில் 18 பேர் தேறியிருந்தார்கள். கிடைக்காத 24 பேரில் 9 பேர்தான். சிறிய ஆய்வுதான், 1989 இல் வெளியானது.

அதைவிடப் பெரியது பாகிஸ்தானில் நடந்தது. ராவல்பிண்டியைச் சுற்றிய கிராமங்களில், பள்ளிப்படிப்பு முடித்த சுகாதாரப் பணிப்பெண்களுக்கு அறிதல் நடத்தைச் சிகிச்சையின் அடிப்படைகளைக் கற்றுக்கொடுத்தார் மனநல மருத்துவர் ஆத்திஃப் ரஹ்மான். கர்ப்பத்தின் கடைசி மாதத்தில் தொடங்கி 16 சந்திப்புகள். அவர்கள் மனநோய் என்ற பேச்சையே எடுக்கவில்லை. குழந்தை நன்றாக வளர வேண்டும், அதற்கு அம்மா தெம்பாக இருக்க வேண்டும் என்று சொல்லித்தான் வீட்டுக்குள் நுழைந்தார்கள். மாமியார்களும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். ஆறு மாதத்தில், அவர்கள் சந்தித்த தாய்மாரில் மனச்சோர்வு நீடித்தது 23 விழுக்காட்டினருக்கு; வழக்கமான வருகை மட்டும் கிடைத்த கிராமங்களில் 53 விழுக்காட்டினருக்கு. லான்செட் இதழில் 2008 இல் இது வெளிவந்தது. உலக சுகாதார நிறுவனம் 2015 இல் இந்த முறையைக் கையேடாக்கியது. கோவாவில் அதே பகுதிப் பெண்களையே பயிற்றுவித்து இதன் மாற்றுவடிவத்தைச் சோதித்தார்கள்.

தமிழ்நாட்டில் கிராமம் கிராமமாகச் சுகாதார செவிலியர் இருக்கிறார். குழந்தையின் எடையைக் குறிக்கும் நோட்டில் தாயின் பத்துக் கேள்விக்கும் ஒரு கட்டம் வைத்தால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது.

மாத்திரை என்றதும் குடும்பம் பதறும். "பால் கொடுக்கிறவ, மாத்திரை எல்லாம் கூடாது." லேசான சோர்வுக்குப் பேச்சுமுறைச் சிகிச்சையே போதும் என்பது உண்மை. தீவிரமானால் மாத்திரை இல்லாமல் முடியாது. செர்ட்ராலின் போன்ற மருந்துகள் தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவே சேர்கின்றன. பால் கொடுக்கும் தாய்மாருக்கு அவற்றைத்தான் மருத்துவர்கள் முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால் பாலூட்டுகிறேன் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும்; முதல் வாரத்திலேயே 'ஒன்றும் ஆகவில்லை' என்று தூக்கிப் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. தேறிய பிறகும் சுமார் ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். இந்த நோய்க்கென்றே உருவான, 14 நாள் மட்டும் உட்கொள்ளும் சுரானலோன் என்ற மாத்திரைக்கு அமெரிக்கா 2023 ஆகஸ்டில் அனுமதி கொடுத்தது.

மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலை வந்தால், பிள்ளையைப் பிரித்துவிடுவார்கள் என்ற பயம் பெரிதாக எழும். 2017 சட்டம் இதற்கும் விடை சொல்கிறது: மனநல மருத்துவமனையில் சிகிச்சை பெறும் பெண்ணிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது. குழந்தைக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதும்போது தற்காலிகமாகப் பிரிக்கலாம், அவ்வளவே. தாயையும் சேயையும் சேர்த்தே வைத்துப் பார்க்கும் தனிப் பிரிவைப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை 2009 இல் தொடங்கியது. தமிழ்நாட்டின் வடமேற்கு மாவட்டங்களிலிருந்து அது எட்டாத தூரத்தில் இல்லை. மருத்துவக் காப்பீடு எடுத்திருப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளலாம்: உடல்நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தருகிறார்களோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது அதே சட்டம்.

முதலில் போன சிகிச்சையாளர் ஒத்துவரவில்லை என்றால்? பெண்களிடமிருந்து அடிக்கடி வரும் குறை இது: "போனேன், அவங்க பேசினது எனக்குப் பிடிக்கல, அதோட விட்டுட்டேன்." செருப்பு கடித்தால் வேறு செருப்பு வாங்குகிறோம், நடப்பதையே விட்டுவிடுவதில்லை. இரண்டு மூன்று முறை போயும் தன்னைக் கேட்கிறார் என்ற உணர்வு வரவில்லை, வேலைக்குப் போவதையோ பால் கொடுப்பதை நிறுத்தியதையோ குற்றமாகப் பேசுகிறார், ஒரு நல்ல மனைவி எப்படி இருக்க வேண்டும் என்று பாடம் நடத்துகிறார் என்றால் மாற்றிக்கொள்ளலாம். அதே சமயம் ஒன்றையும் கவனிக்க வேண்டும். வலிக்கிற இடத்தைத் தொட்டுப் பேசும் அமர்வு முடிந்து வரும்போது மனம் கனத்துப்போவது இயல்பு. அது பிடிக்காமல் போனதற்கு அடையாளம் இல்லை. மாற்ற நினைத்தாலும் புதியவரைப் பிடித்த பிறகே பழையவரை விடுவது நல்லது. மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால் கட்டாயம் அப்படித்தான்.

தாய்வீட்டிலிருந்து கணவன் வீட்டுக்குத் திரும்பும் மூன்றாம் அல்லது ஐந்தாம் மாதம் இதில் தனியாகக் கவனிக்க வேண்டிய கட்டம். ஊர் மாறும், உதவிக்கு இருந்த கை போய்விடும், சிலருக்கு வேலைக்குத் திரும்பும் நாளும் நெருங்கும். தேறி வந்தவர்கள் சறுக்குவதும், சிகிச்சை பாதியில் அறுந்துபோவதும் அப்போதுதான். புறப்படுவதற்கு முன்பே பழைய மருத்துவரிடம் சிகிச்சைக் குறிப்பை எழுதி வாங்கிக்கொண்டு, போகிற ஊரில் அடுத்த சந்திப்புக்கு நாள் குறித்துவிடலாம்.

ஒருமுறை வந்தவருக்கு அடுத்த பிரசவத்திலும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். அதற்காக இரண்டாவது பிள்ளையே வேண்டாம் என்று எந்த மருத்துவரும் சொல்வதில்லை. கர்ப்பத்தைப் பதிவு செய்யும் முதல் நாளிலேயே, சர்க்கரை, ரத்த அழுத்தம், முந்தைய சிசேரியன் ஆகியவற்றோடு இதையும் சொல்லி அட்டையில் எழுதிவைக்கச் சொல்ல வேண்டும். மாத்திரையில் இருக்கும்போது கர்ப்பம் தரித்தால் தானாக நிறுத்தாமல் மனநல மருத்துவரைப் போய்ப் பார்க்க வேண்டும். பிரசவத் தேதி தெரிந்ததும், குழந்தை பிறந்த பிறகு முதல் இரண்டு வாரத்துக்குள் ஒரு சந்திப்பை அப்போதே கேட்டு வாங்கிவிடலாம். அந்தத் தேதியைக் கணவனின் கைபேசியில் குறித்துவைக்கலாம்.